மைனஸ் ஒன்று என்றால் தானாக

மைனஸ் ஒன்று என்றால் தானாக என்று போட்டிருக்கிறான். சைபர் என்றால் இல்லை, ஒன்று என்றால் உண்டு, மைனஸ் ஒன்று என்றால் தானாக, எதுவும் சொல்லாமல் விட்டால் மைனஸ் ஒன்று என்று எடுத்துக்கொள்ளப்படும். எடுத்துக்கொள்வது யார்? எதை வைத்து? அதைச் சொல்லவேயில்லை. தானாக என்றால் என்னடா, நீ எழுதின புத்தகம்தானே இது, இன்னும் ஒரு வரி எழுத உன் கை என்ன முடங்கியா போச்சு என்று வாய்விட்டே கத்திவிட்டேன், கத்தின பிறகுதான் கட்டில் பக்கம் பார்த்தேன். தம்பி தசரதனின் கை தலையணை மேல் இருந்தது. என் வீட்டுக்காரி குணசுந்தரி காலையில் எப்படி வைத்தாளோ அப்படியே, விரல்கள் கொஞ்சம் மடங்கி, எதையோ பிடித்துவிட்டு விட்டுவிட்ட மாதிரி. உன்னைச் சொல்லவில்லைடா, எவனையோ சொன்னேன், எந்த ஊரிலோ உட்கார்ந்து இந்தக் கம்ப்யூட்டரில் படம் காட்டும் அட்டைக்கு டிரைவர் என்கிற புரோகிராமை எழுதி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த மகராசனைச் சொன்னேன். அவன் கண் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு, வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. மணி இரண்டு நாற்பது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் போன் செய்வாள். உண்டா இல்லையா என்று கேட்பாள். கட்டில் நாளைக்குக் காலியாகிறது, சொன்னால் வைத்திருப்போம், சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று நேற்றே கறாராகச் சொல்லிவிட்டாள். தொண்டையில் துளை போட்டுக் குழாயைச் செருகி மூச்சை மிஷினிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் தை தாண்டாது என்று டாக்டர் சொன்னார், சொல்லும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார், நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் திரை இருந்தால் அவனுக்கு வாய் இருந்தது. திரைக்குக் கீழே ஒரு கேமரா, அவன் கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை எடுத்து அடுக்கும், அடுக்கினதை ஒரு பெண் குரல் படிக்கும். உணர்ச்சியே இல்லாத குரல், பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள் மாதிரி, ஆனால் அண்ணா என்று அவள் சொல்லும்போது எனக்கு அது தசரதன் குரலாகவே கேட்கப் பழகிவிட்டது. எல்லாம் அவனே அமைத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவன், மௌஸ் கையிலிருந்து நழுவ ஆரம்பித்த நாளிலேயே இது கை, கால், வாய், மூச்சு என்று ஒவ்வொன்றாகத் தின்னும் நோய் என்று தெரிந்துகொண்டு, விரல் இருக்கும்போதே இரவல் விரலுக்கு ஏற்பாடு செய்துகொண்டவன். வெளிநாட்டுக் கம்பெனி மிஷின் ஒன்று இருந்தது, மூடியைத் திறந்தால் வேலை செய்யும், அதன் விலையைக் கேட்டு நான் சிரித்தேன். புதுப்பேட்டையில் முப்பது வருஷமாகப் பிரித்த வண்டியின் உதிரி சாமானில் உட்கார்ந்திருப்பவன் நான். எட்டாவதோடு சட்டையில் கிரீஸ் ஏறினவன். கியர் பெட்டியைக் கண்ணை மூடித் தடவி எந்த வண்டி எந்த வருஷம் என்று சொல்வேன், இரும்புக்கு யாரும் புத்தகம் எழுதி வைக்கவில்லை, எனக்கு வேண்டியும் இருக்கவில்லை. என்னிடம் புதுச்சாமான் விலை பேசுவதா? தசரதனையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பாஷா பாய் கடைக்குப் போனேன். பாய் படம் காட்டும் அட்டை இரண்டை மேசையில் வைத்தார். இது புதுசுண்ணே, கண்ணை மூடிக்கினு போடலாம், இது ரெண்டு தலைமுறைக்கு நடுவுல பொறந்தது, ஓடும், ஆனா பேஜாரு புடிச்சது, தம்பி இன்னா சொல்றாரு? தம்பி என்ன சொன்னான்? அப்போது அவனுக்குக் குரல் பாதி இருந்தது, அண்ணா புதுசு வாங்கு என்று குழறினான். நான் இரண்டாவதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, விலை சொல்லி, வாயை மூடிக்கொண்டேன். அதுதான் என் வித்தை. விலை சொன்ன பிறகு முதலில் வாய் திறக்கிறவன் இறங்குவான். பாய் விசிறியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், டீ சொன்னார், கடைசியில் எடுத்துக்கினு போண்ணே, உங்கிட்ட பேசறதுக்கு நான் கடையைச் சாத்திக்கலாம் என்றார். பாதி விலை. வீடு வரைக்கும் தசரதனிடம் பீற்றிக்கொண்டே வந்தேன், அவன் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அப்போதே எனக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் பேசாமல் வந்தான் என்றால் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நடுவில் பிறந்த அட்டை. அதற்கு இரண்டு டிரைவர். பழையது ஒன்று, புதியது ஒன்று, இரண்டும் இந்த அட்டை என்னுடையது என்கின்றன, இல்லாவிட்டால் இரண்டும் உன்னுடையது என்று கையைக் கழுவுகின்றன. பழையதிடம் நீ தொடாதே என்றும் புதியதிடம் நீ எடு என்றும் யாராவது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மைனஸ் ஒன்று, தானாக. எங்கே சொல்வது? ஒரு பக்கத்தில் மிஷின் எழும்போது ஓடும் வரியில் சொல் என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் அது பழைய முறை, தனிக் கோப்பில் எழுது என்று இருக்கிறது. மூன்றாவது பக்கத்தில் இந்தப் பக்கம் காலாவதியாகிவிட்டது, புதிய பக்கத்துக்குப் போ என்று இருக்கிறது, போனால் பக்கம் இல்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், உதிரி சாமான் நம்பர் படித்துப் படித்து வந்தது, வாக்கியம் வராது. போனைத் தமிழில் மாற்றச் சொன்னால் அது பழைய ஓட்டுநரைக் கறுப்புப் பட்டியலில் வைக்கவும், கருவின் கொடியை உயர்த்தவும் என்கிறது. எந்த ஓட்டுநரடா, எந்தக் கொடியடா. என் கடைக்கு வருகிறவன் அச்சு உடைந்தது என்று வந்தால் உடைந்ததைக் கொண்டு வா என்பேன், பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், தீர்ந்தது. இங்கே உடைந்தது எது என்று கையில் எடுக்க முடியவில்லை. திட்டவும் ஆளில்லை. எதிரே ஒரு முகம் இருந்தால் போதும், கெஞ்சுவேன், மிரட்டுவேன், காலில் விழுவேன், எழுந்து போகிற மாதிரி நடிப்பேன், வாசல் வரை போய்த் திரும்புவேன், முகம் என்று ஒன்று இருந்தால் அதை நான் இறக்காமல் விட்டதில்லை. இதற்கு முகம் இல்லை. ஒரு கோடு. வருகிறது, போகிறது.

தசரதன் எழுதி வைத்த கோப்பைத் திறந்தேன், கறுப்புத் திரையிலேயே திறக்கலாம் என்று போன வருஷம் அவன் எனக்குக் காட்டியிருந்தான், நாலு வார்த்தை, ஒரு காகிதத்தில் எழுதி மிஷின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். கோப்பில் பதினோரு வரி. ஒன்பது வரிக்கு முன்னால் வேலிக் குறி. வேலி போட்ட வரி செத்த வரி என்று சொல்லியிருக்கிறான், மிஷின் படிக்காது, மனிதனுக்காக எழுதினது. அதில் ஒன்றைப் போனில் மாற்றிப் பார்த்தேன். இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, தொடாதே. அவ்வளவுதான். என் தம்பி, எனக்குத் தெரிந்தவர்களிலேயே இதெல்லாம் தெரிந்தவன், அவனும் அதே மாதிரி எழுதி வைத்திருக்கிறான். சிரிப்பு வந்தது, சத்தம் போட்டுச் சிரித்தேன், குணசுந்தரி எட்டிப் பார்த்தாள். நான் தொட்டுவிட்டேன். வரியைத் தொடவில்லை, அதைவிடப் பெரிதாகத் தொட்டுவிட்டேன். நேற்று சாயங்காலம் ஆறு மணி. திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது, மாதம் ஒரு முறை மிஷின் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் நிறுத்தக் கூடாது, அதுவும் எனக்குத் தெரியும். மேலே அவன் எழுத்து எழுத்தாக அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் படித்தாள். அண்ணா, டியூப் வேண்டாம். நான் யோசித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். முதல் காரணம். அதற்கு மேல் அவளைப் பேச விடாமல் நான் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். கையில் பிளக்கோடு நின்றேன். யார்றா உன்னைக் கேட்டாங்க, நான் உசுரோட இருக்கும்போது நீ யார்றா முடிவு பண்ண என்று இருட்டுத் திரையைப் பார்த்துக் கத்தினேன், அவனைப் பார்த்துக்கூட இல்லை. அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, தண்ணீர் தீர்ந்த குழாயில் வருகிற மாதிரி, குணசுந்தரி ஓடிவந்து சளி உறிஞ்சும் குழாயை வாயில் வைத்தாள். அப்புறம் பிளக்கைச் செருகினேன். எழுந்தது, கறுப்பாக எழுந்தது.

முதல் காரணம். முதல் என்றால் இரண்டாவது உண்டு, மூன்றாவது உண்டு, வரிசை போட்டு வைத்திருக்கிறான். வியாபாரத்தில் நான் முதலில் சின்னதைச் சொல்வேன், பெரியதைக் கடைசிக்கு வைப்பேன். அவன் அப்படி இல்லை, அவன் பெரியதை முதலில் சொல்கிறவன், பள்ளிக்கூடத்தில் ஃபெயிலானதைக்கூட வாசலில் நின்றே சொல்வான். என்னவாக இருக்கும்? வலியா? வலிக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை, டாக்டர் இந்த நோயில் வலி குறைவு என்றார், அதைப் பிடித்துக்கொண்டேன். குணசுந்தரியா? இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து அவனைத் திருப்பிப் படுக்கவைக்கிறாளே, அதுவா? இல்லை நானா. முதல் காரணம் நீ. அப்படி அந்தப் பெண் அறிவிப்புச் செய்கிற குரலில் சொல்லியிருப்பாளா? நீ என்னைப் பேச விட்டதில்லை அண்ணா. அச்சகத்தில் சேர்த்ததும் நான்தான், அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான், அந்தப் பெண் வேண்டாம் என்றதும் நான்தான், நெற்றி சின்னது என்றேனோ வீடு சின்னது என்றேனோ, அவன் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான், அதுவும் ஆட்டோதான். மணி மூன்று பத்து. போனில் பாயைக் கூப்பிட்டேன். "எத்திராஜண்ணே, நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல?" "சொன்னே பாய், நீ யோக்கியன், நான் கபோதி, இப்ப வழி சொல்லு." "வழி இன்னா, பழசுக்கு சைபர் போடு, புதுசுக்கு ஒண்ணு போடு, எழும்போது ஓடற வரியில." "இன்னொரு பக்கத்துல கோப்புல எழுதுன்னு போட்டிருக்கான்." "ரெண்டு இடத்திலயும் எழுது." "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டா?" "அண்ணே, நான் சாமான் விக்கறவன். உள்ள இன்னா நடக்குதுன்னு அதை எழுதனவனுக்கே தெரியுமான்னு தெரியல. தம்பியைக் கேளேன், அவருக்குத்தான் தெரியும்." அட கபோதி. அது எனக்குத் தெரியாதா? இந்த மிஷினுக்கு இருக்கிற ஒரே ஒழுங்கான புத்தகம் கட்டிலில் கிடக்கிறது, அதைத் திறக்க இந்த மிஷின் வேண்டும்.

கண் இமை இருக்கிறது. ஒரு தரம் மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு தரம் என்றால் இல்லை, காலையில் மிஷினைப் போடுவதற்கு முன்னால் அப்படித்தான் ஓட்டுவோம், காபியா, ஆமாம், சூடா, இல்லை. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, தசரதா, நான் எழுத்துச் சொல்றேன், மிஷின்ல அடிக்க வேண்டிய வரியோட மொத எழுத்து வந்ததும் கண்ணை மூடு, சரியா என்றேன். பார்த்தான். முடி நரைத்துவிட்டது இவனுக்கு, எப்போது நரைத்தது, என்னைவிட ஒன்பது வயது சின்னவன். ஏ. பி. சி. டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று அவன் இமையைப் பார்த்தேன், இமையில் ஒரு சின்ன நரம்பு துடித்தது, மூடவில்லை. இசட் வரைக்கும் போனேன். களைப்பாக இருக்கும் என்று மறுபடி ஆரம்பித்தேன். எம்மில் ஒரு தரம் விழி அசைந்தது, எம்மா, எம்மாடா என்றேன், எதுவும் இல்லை, ஈ ஏதோ பறந்திருக்கும். மூன்றாவது தரம் எனக்குக் குரல் ஏறிவிட்டது. இத்தனை வருஷம் பொட்டி சாவியை இடுப்புல முடிஞ்சுக்கினவன் மாதிரி எல்லாத்தையும் நீயே உள்ள வச்சுக்கினு, நாலு எழுத்து சொல்லேன்டா, உன் வாய்க்குத்தானே கேக்கறேன். குணசுந்தரி துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே பேசினாள். "ஏங்க, அவுரு எழுத்து சொல்ல மாட்டாரு." "ஏன் மாட்டான்?" "வாயைத் திறந்து இன்னா சொல்லணுமோ அதை நேத்தே சொல்லிட்டாரு. நீங்கதான் புடுங்கிப் போட்டீங்க." "காரணத்தைச் சொல்லலையே?" "நீங்க காரணத்தைக் கேக்கவா மிஷினை ரிப்பேர் பண்றீங்க?" மடித்த துணியைக் கட்டில் காலடியில் வைத்தாள். "ஆமாமா இல்லையான்னு கேக்க மிஷின் எதுக்குங்க? காபி வேணுமான்னு கேக்கற மாதிரி கேட்டா ஆச்சு. நாலு மணிக்குள்ள கேளுங்க. எனக்கு மெடிக்கல் ஷாப்புக்குப் போவணும், பஞ்சு தீர்ந்துபோச்சு." செருப்பு மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். எட்டாவது படி உடைந்திருக்கிறது, அதில் மட்டும் அவள் கால் சத்தம் வராது, தாண்டிவிடுவாள்.

கேட்டிருக்கலாம். காலை ஏழு மணியிலிருந்து இந்த நாற்காலிக்கும் அந்த மேசைக்கும் நடுவில் நடக்கிறேன், ஒரு தரம் குனிந்து கேட்டிருக்கலாம். கேட்காமல் திரும்பி மிஷினிடம் போனேன். பழசுக்கு சைபர், புதுசுக்கு ஒன்று. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன், கிரீஸ் ஏறின நகம் எழுத்தை மறைக்கிறது, இரண்டு தரம் அழித்து அடித்தேன், பாய் சொன்ன மாதிரி இரண்டு இடத்திலும் எழுதினேன், நிறுத்தி எழுப்பினேன். வரிகள் ஓடின. மழை பெய்கிற மாதிரி வெள்ளை வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரி, சரி, சரி என்று பச்சையில், ஒன்றில் மட்டும் சிவப்பு, படிப்பதற்குள் மேலே போய்விட்டது. திரை அணைந்தது. அணைந்து, விசிறி ஒரு மூச்சு வேகம் எடுத்து, திரை வெளிறிச் சாம்பலாகி, அதன் நடுவில் ஒரு அம்பு தெரிந்தது. அவனுடைய அம்பு. கண் பார்க்கிற இடத்துக்கெல்லாம் ஓடும் அம்பு. இதோ வந்துவிட்டது, அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கப்போகிறாள், முதல் காரணம். என் கை எங்கே போகிறது என்று பார்த்தேன். மேசைக்கு அடியில், சுவர்ப் பக்கம், பிளக் இருக்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அம்பு இரண்டாகக் கிழிந்தது, சாம்பல் கோடு கோடாகப் பிளந்தது, கறுப்பானது. இடது மூலையில் வெள்ளைக் கோடு. வருகிறது, போகிறது. நான் நாற்காலியில் சாய்ந்தேன், மூச்சு விட்டேன், அந்த மூச்சு எவ்வளவு நீளமாக, எவ்வளவு சுகமாக வந்தது என்று எனக்கே கேட்டது. அப்படி மூச்சு விட முடியாதவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஏழு மணியிலிருந்து நான் எதைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன்? சரியாகவில்லை, சரியாகவில்லை என்று ஒவ்வொரு தரமும் உறுதி செய்துகொண்டிருந்தேனா?

போன் அடித்தது. நாலாகவில்லை, மூன்று ஐம்பத்தைந்து, சிஸ்டர் கெட்டிக்காரி. "தசரதன் அட்டெண்டரா? பெட் விஷயம். பேஷண்ட் இன்னா சொல்றாரு?" இருங்க சிஸ்டர் என்றேன். போனை மார்பில் அழுத்திக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினேன். அவன் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், எத்தனை நேரமாகவோ. தசரதா, டியூப் போட்டுக்கறியா? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன், முப்பது வருஷப் பழக்கம், விலை சொன்னால் மூடிக்கொள், எதிராளி இறங்குவான். கீழே எவனோ இரும்புத் தகட்டை அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். தசரதனின் இமை மெல்ல இறங்கியது. மூடியது. திறந்தது. ஒன்று. போதும்டா, அங்கேயே நில்லு, ஒன்றோடு நில்லு, கடவுளே. இறங்கியது. மூடியது. திறந்தது. அவசரமில்லாமல், பிழை வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு எழுத்தாக அடுக்குகிறவன் மாதிரி. விசிறி சுற்றியது. "ஹலோ, லைன்ல இருக்கீங்களா? அடுத்த பேஷண்டுக்குச் சொல்லணும்." இருக்கிறேன். படிக்கட்டில் யாருமில்லை, திரையில் எதுவுமில்லை, இந்த அறைக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. எதுவும் சொல்லாமல் விட்டால் தானாக. "சரின்னுட்டான் சிஸ்டர்," என்றேன், "காலையில கூட்டிக்கினு வந்துர்றோம்." குரல் நன்றாக வந்தது, கடையில் பேரம் முடித்த குரல். வைத்துவிட்டேன். அவன் மறுபடி இரண்டு தரம் மூடித் திறந்தான். நிறுத்தினான். மறுபடி இரண்டு. நிறுத்தினான். இரண்டு. கண் ஓரத்தில் ஈரம் சேர்ந்து காதுப் பக்கம் இறங்கியது, அதைத் துடைக்கக் கை நீட்டினேன், நீட்டின கைக்கு அடியிலும் இரண்டு. நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரையின் எதிரே உட்கார்ந்தேன். கறுப்பில் அந்தக் கோடு வந்தது, போனது, வந்தது, போனது. அது எதையும் சொல்லவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.